ஓகானர் தம்பதி: ஒருவர் பராமரிப்பு இல்லத்தில், ஒருவர் வெளியில்

2007 நவம்பரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத் தொலைக்காட்சி ஒன்றில் வந்த செய்தி அந்த நாடு முழுக்கப் பேசப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் அப்போது ஓய்வுபெற்றிருந்தார். அவர் கணவர் ஜான் அல்சைமர் என்ற மறதிநோயோடு ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். அங்கே தங்கியிருந்த இன்னொரு பெண்மணியோடு ஜானுக்கு நெருக்கம் உண்டாகிவிட்டது. இருவரும் ஊஞ்சலில் கைகோத்து உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க வரும் சாண்ட்ராவுக்கு அதில் மனக்குறை இல்லை, அப்பா சந்தோஷமாக இருப்பதில் அம்மாவுக்கு நிம்மதிதான் என்று மகன் ஸ்காட் பேட்டியில் சொன்னார்.

சிலர் இதைத் தியாகம் என்றார்கள். சிலருக்கு ஜீரணிக்க முடியவில்லை. இரண்டுமே விஷயத்தை முழுசாகப் பார்த்த மாதிரி எனக்குப் படவில்லை. வயதான தம்பதியில் ஒருவர் இல்லத்துக்குப் போக நேர்ந்தால் வழக்கமாகப் பேசப்படுவது இரண்டுதான்: யார் பார்த்துக்கொள்வது, எவ்வளவு செலவாகும். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணம் என்ன ஆகிறது, வெளியே இருப்பவர் இனிமேல் யார், அவருக்கு என்ன வேலை, என்ன உரிமை என்று யாரும் கேட்பதில்லை. இவற்றையெல்லாம் வெளிப்படையாகப் பார்க்க இடம் தரும் குடும்பக் கதை ஓகானர் தம்பதியுடையது. அவர்களே பொதுவெளியில் பேசியதால் நாமும் கூசாமல் பேசலாம்.

ஒருவருக்காக ஒருவர் இடம் மாறியவர்கள்

பராமரிப்பு இல்லக் கதையை இல்லத்து வாசலிலிருந்து ஆரம்பித்தால் பாதிதான் புரியும். இவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சந்தித்தார்கள். சட்ட இதழ் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலையில் ஆரம்பித்த பழக்கம். 1952 டிசம்பர் 20இல் அரிசோனா எல்லையில் இருந்த சாண்ட்ராவின் குடும்பப் பண்ணையில் கல்யாணம்.

ஜானுக்கு ராணுவச் சட்டப் பிரிவில் வேலை கிடைத்து ஜெர்மனி போனபோது சாண்ட்ரா கூடவே போய், ராணுவத் தளவாடப் பிரிவில் வக்கீலாக வேலை பார்த்தார். திரும்பி வந்து பீனிக்ஸில் குடியேறி மூன்று மகன்களை வளர்த்தார்கள். 1981இல் அதிபர் ரீகன் சாண்ட்ராவை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். இந்தத் தடவை இடம் மாறியது ஜான். பீனிக்ஸில் நன்றாக நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மனைவியோடு வாஷிங்டன் போனார். 1981இல் ஓர் ஆண் இப்படிச் செய்வது சாதாரணம் இல்லை. விருந்துகளில் கலகலப்பாகப் பேசுவார், நன்றாக ஆடுவார், மனைவியின் பெயருக்குப் பின்னால் நிற்பதில் அவருக்குச் சங்கடமே இருந்ததில்லை என்று பழகியவர்கள் சொல்வார்கள். 1988இல் சாண்ட்ராவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தபோதும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

அப்புறம் 1990 வாக்கில் ஜானுக்கே அல்சைமர் என்று தெரியவந்தது.

நோய் காத்திருக்கவில்லை

நோய் தெரிந்த பிறகும் சாண்ட்ரா பதினைந்து வருடம் நீதிபதியாக இருந்தார். அல்சைமர் மெதுவாக நகரும் நோய். முதலில் போவது சமீபத்திய நினைவு. காலையில் யார் வந்தார்கள், மாத்திரை போட்டேனா என்பவை முதலில் கழன்றுவிடும். பழைய ஞாபகங்கள் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் ஆரம்ப வருடங்களில் வெளியாருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும் தெரியும்.

ஜானைத் தனியாக வீட்டில் விட முடியாத கட்டம் வந்தபோது சாண்ட்ரா அவரை நீதிமன்றத்துக்கே கூட்டிப்போனார். தன் அலுவலக அறையில் அவரை உட்காரவைத்துவிட்டு வேலை பார்த்தார். ஒரு நாட்டின் மிகப் பெரிய வழக்குகளை முடிவுசெய்யும் அறை அது. சோபாவில் கணவர். உலகத்தில் வேலைக்குப் போகும் எத்தனையோ மனைவிமாரும் கணவன்மாரும் இப்படி ஏதோ ஒரு ஏற்பாட்டில்தான் சில வருடங்களை ஓட்டுகிறார்கள். கடைக்குக் கூட்டிப்போவது, பக்கத்து வீட்டில் உட்காரவைப்பது, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டு மனசு கிடந்து அடித்துக்கொள்வது. பதவி பெரிதாக இருந்தாலும் ஏற்பாடு அதேதான்.

2005இல் ஓய்வு பெறலாம் என்ற யோசனை வந்தது. இதில் ஒரு சிக்கல். தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்டுக்கு 2004 அக்டோபரில் தைராய்டு புற்றுநோய் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் விலகினால் நீதிமன்றத்தில் இரண்டு இடம் காலியாகிவிடும். தான் இன்னும் ஒரு வருடம் இருக்கப்போவதாக ரென்குவிஸ்ட் சொன்னார். அப்படியானால் சாண்ட்ரா இப்போதே விலக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். (இந்த ரென்குவிஸ்ட் ஸ்டான்ஃபோர்டில் சாண்ட்ராவோடு படித்தவர், 1952இல் அவரிடம் கல்யாணம் கேட்டுக் கடிதம் எழுதியவர் என்பது 2018இல்தான் வெளியே தெரிந்தது.) 2005 ஜூலை 1ஆம் தேதி சாண்ட்ரா விலகல் கடிதம் கொடுத்தார். அடுத்தவர் பதவியேற்கும்வரை நீடிப்பேன் என்று அதில் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரி ஏழு மாதத்தை எடுத்துக்கொண்டது. அவர் இடத்துக்கு முதலில் ஜான் ராபர்ட்ஸ் பெயர் வந்தது. செப்டம்பர் 3இல் ரென்குவிஸ்ட் இறந்தார். ராபர்ட்ஸைத் தலைமை நீதிபதி பதவிக்கு மாற்றினார்கள். அக்டோபரில் ஹேரியட் மியர்ஸ் பெயர் அறிவிக்கப்பட்டு அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் சாமுவேல் அலிட்டோ 2006 ஜனவரி 31இல் உறுதிசெய்யப்பட்டார். சாண்ட்ரா வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு.

எதற்காக வந்தாரோ அந்த வாழ்க்கை அதற்குள் கையைவிட்டுப் போயிருந்தது. ஜானின் நிலை வேகமாக இறங்கியது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்றாகி, மகன்கள் வசிக்கும் பீனிக்ஸில் நினைவிழந்தோருக்கான பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். கணவரோடு இருப்பதற்காக நாட்டின் உச்சபட்சப் பதவி ஒன்றைத் துறந்தவர், சில மாதங்களிலேயே அவரை வேறு கூரைக்குக் கீழே விட வேண்டியதாயிற்று.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவெடுக்கும் துணைவர்கள் எல்லோருமே ஒரு கணக்குப் போடுகிறார்கள். இப்போது விட்டால் இன்னும் இரண்டு மூன்று வருடம் சேர்ந்து இருக்கலாம் என்பது அந்தக் கணக்கு. அல்சைமர் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. வருடக்கணக்கில் ஆமை மாதிரி நகர்ந்துவிட்டு, ஒரு காய்ச்சலோ விழுந்து அடிபட்டதோ இடமாற்றமோ வந்ததும் ஒரே தாவலில் இறங்கிவிடும். வேலையை விட்டது தவறா என்றால், இல்லை. ஆனால் விடுபவரிடம் யாராவது இதை நேராகச் சொல்லியிருக்க வேண்டும்: நீங்கள் எதிர்பார்க்கிற நாட்கள் கிடைக்காமலும் போகலாம், அப்படிப் போனால் அது உங்கள் குறை இல்லை.

இல்லத்துக்குள் நடந்தது

ஜானுக்கு ஆரம்பம் நன்றாக இல்லை. மனம் சோர்ந்துபோனார், இங்கே வந்ததே முடிவின் தொடக்கம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது என்று ஸ்காட் சொன்னார். பிறகு அதே வளாகத்தில் வேறொரு குடியிருப்புக்கு மாற்றினார்கள். இரண்டு நாளுக்குள் காதல்வயப்பட்ட இளவட்டம் போல ஆகிவிட்டார் என்பதுதான் மகனின் விவரிப்பு. அந்தப் பெண்மணியின் பெயர் அப்போது செய்தியில் வந்தது. அவர் பொதுவாழ்வில் இருந்தவர் இல்லை, ஆகவே இங்கே எழுதவில்லை.

ஐம்பத்தைந்து வருடக் கல்யாணத்தை மறந்துவிட்டு இன்னொருவரோடு கைகோத்து உட்காருவது எப்படி என்று கேட்கத் தோன்றும். நோயின் போக்கைப் பார்த்தால் இது விநோதமே இல்லை. பெயர், உறவு, வருடம் எல்லாம் அழிந்த பிறகும் பக்கத்தில் ஒருவர் வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற தேவை அழிவதில்லை. நாள் முழுக்கப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர்தான் பழகிய முகம். வந்து போகிறவர் எவ்வளவு நேசித்தாலும் வந்து போகிறவர்தான். நினைவிழந்தோர் இல்லங்களில் வேலை செய்பவர்களைக் கேட்டால், இப்படிச் சேர்ந்து உட்காரும் சோடிகளைப் பார்க்காதவர் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

2014இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் சந்தோஷமான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்களில் என்ன பார்த்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. அந்தக் காட்சி கிளப்பிய சோகமும் சந்தோஷமும் மட்டும் மறந்த பிறகும் நீடித்தன. இல்லத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகும் துணைக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை என்று நினைக்கிறேன். “போனாலும் ஞாபகம் இருக்கப் போவதில்லை, எதற்குப் போக வேண்டும்?” என்று பிள்ளைகள் சொல்வார்கள். போனது ஞாபகம் இருக்காது. போனதால் வந்த அமைதி இருக்கும். “நான் யார் சொல்லுங்க பார்ப்போம்?” என்று சோதித்துவிட்டுத் திரும்பினால், அந்தத் தவிப்பும் அதே மாதிரி இருக்கும்.

சாண்ட்ரா செய்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் ஜானை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்குப் படுவது வேறு. அவர் தொடர்ந்து போய்ப் பார்த்தார். அந்தப் பெண்மணி பக்கத்தில் இருக்கும்போதும் உட்கார்ந்து பேசினார். மனைவி என்று அடையாளம் காணச் சொல்லி ஜானை அலைக்கழிக்கவில்லை. என்னைத் தெரிகிறதா என்பதைக் கீழே போட்டுவிட்டு, இவர் நிம்மதியாக இருக்கிறாரா என்பதைக் கையில் எடுத்துக்கொண்டார். இல்லத்தில் சேர்த்த பிறகு துணையின் வேலை இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் ஊழியர்களிடம் போய்விடுகின்றன. இவர் நன்றாக இருக்கிறாரா என்று ஐம்பது வருடப் பழக்கத்தை வைத்துப் பார்த்தவுடன் சொல்வது வேறு யாராலும் முடியாது. ஜான் சோர்ந்திருந்ததும் தெளிந்ததும் அந்தக் குடும்பத்தின் கண்ணில் பட்டது அதனால்தான்.

இதற்குள் துக்கம் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸ் இப்படிப்பட்ட இழப்பை 1970களிலிருந்தே ஆராய்ந்து வந்தவர். போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை அவர் பார்த்தார். ஆள் இல்லை, மனசில் மட்டும் இருக்கிறார். மறதிநோயில் இது தலைகீழ். ஆள் எதிரே இருக்கிறார், மனசு இல்லை. இரண்டிலும் சடங்கு கிடையாது, துக்கம் விசாரிக்க வருபவர் கிடையாது, முடிந்தது என்று சொல்லும் நாள் கிடையாது. இல்லத்தில் சேர்த்துவிட்ட துணைக்கு இந்த இரண்டுமே ஒன்றாக வருகின்றன என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். இல்லத்துக்குப் போனால் ஆள் இருக்கிறார், அவர் இல்லை. வீட்டுக்குத் திரும்பினால் நாற்காலி, கண்ணாடி, செருப்பு எல்லாம் அவர் இருப்பதாகவே சொல்கின்றன, ஆள் இல்லை. விதவையும் இல்லை, இல்லறமும் இல்லை.

அயோவாவில் வேறு முடிவு

ஓகானர் குடும்பத்தில் மனைவியும் மகன்களும் ஒரே பக்கம் நின்றார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹென்றி ரேஹான்ஸ் வழக்கைப் பார்த்தால் போதும். அயோவா மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த இவரும் இவர் மனைவியும் துணையை இழந்த பிறகு, வயதான காலத்தில், 2007இல் மறுமணம் செய்துகொண்டவர்கள். மனைவிக்கு அல்சைமர். 2014இல் முதல் கல்யாணத்து மகள்கள் அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். தாம்பத்திய உறவுக்குச் சம்மதம் சொல்லும் மனநிலை இனி அவருக்கு இல்லை என்று மே மாதம் கணவரிடம் தெரிவிக்கப்பட்டது. சில நாட்களில், அதே அறையில் திரைக்கு அந்தப் பக்கம் தங்கியிருந்தவர், கணவர் வந்திருந்தபோது ஏதோ சத்தம் கேட்டதாகச் சொன்னார். ஆகஸ்டில் மனைவி இறந்தார். அடுத்த வாரம் கணவர் பாலியல் குற்றச்சாட்டில் கைதானார். அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்னார். 2015 ஏப்ரல் 22இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. அப்போது அவருக்கு 78 வயது.

மறதிநோய் உள்ளவரைப் பாதுகாக்க வேண்டியது இல்லத்தின் கடமை. துணையாலேயே துன்பம் வரும் வீடுகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஓர் இல்லத்துக்கு இந்த விஷயத்தில் எழுதிவைத்த, எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை இல்லாவிட்டால் முடிவு யாருடைய சங்கடத்தையாவது பொறுத்துப் போய்விடும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ரிவர்டேலில் உள்ள ஹீப்ரூ ஹோம் 1995இலேயே இதற்கென்று கொள்கை எழுதிவைத்தது. அங்கே இருப்பவர்களின் நெருக்க உறவுகளை மதிப்பது, அதே நேரத்தில் சம்மதம் இருக்கிறதா என்று ஊழியர்கள் எதைவைத்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டும் அதில் உண்டு. ஊழியருக்கு எழுத்தில் இருந்தால் திரையை எப்போது இழுத்துவிட வேண்டும், எப்போது உள்ளே போக வேண்டும் என்று தெரியும்.

இந்தக் கதை எல்லோருக்கும் பொருந்தாத இடம்

ஓகானர்களுக்குப் பணம் ஒரு தடையாக இருக்கவில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், இல்லத்தில் நீண்டகாலம் தங்கும் செலவை ஏற்பதில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்டு ஏற்கும், ஆனால் சொத்து கரைந்த பிறகுதான். ஒருவர் இல்லத்துக்குப் போனதால் வெளியே இருப்பவர் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று 1988இல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை அடுத்த வருடமே ரத்துசெய்தாலும் துணைக்கான பாதுகாப்பு தங்கிவிட்டது. 2024 கணக்கில் வெளியே இருப்பவர் அதிகபட்சம் 1,54,140 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம், வீடு தனி. இருந்தும், ஒருவரை ஒருவர் நேசிக்கும் தம்பதிகள் சொத்தைக் காப்பாற்ற விவாகரத்து செய்யலாமா என்று வக்கீலிடம் கேட்கும் அவலம் அங்கே இருக்கிறது. பஸ் ஏறி இரண்டு மணிநேரம் போனால்தான் துணையைப் பார்க்க முடியும் என்ற நிலையில் உள்ளவரிடம், சாண்ட்ரா மாதிரி அடிக்கடி போய் வாருங்கள் என்று சொல்வது நியாயமாகாது. இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் அழகைவிட, வெளியே இருப்பவர் அவராகவே வந்து போகக்கூடிய தூரமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. சாண்ட்ரா குடும்பம் வாஷிங்டனை விட்டு பீனிக்ஸைத் தேர்ந்தெடுத்ததில் இந்தப் புத்தி இருந்தது.

2008 மே 14இல் செனட்டின் முதியோர் நலக் குழு முன்னால் சாண்ட்ரா சாட்சி சொன்னார். கணவரின் நோயையும் தன் குடும்பம் பட்டதையும் மறைக்காமல் பேசினார். அல்சைமருக்குத் தேசியத் திட்டம் வேண்டும் என்று 2009 மார்ச்சில் அறிக்கை கொடுத்த குழுவிலும் அவர் இருந்தார். அதை ஒட்டிய சட்டம் 2011 ஜனவரியில் வந்தது. ஜான் அதைப் பார்க்கவில்லை. 2009 நவம்பர் 11இல் 79 வயதில் இறந்துபோனார். 2018 அக்டோபரில் சாண்ட்ராவே ஒரு கடிதம் வெளியிட்டார்: தனக்கும் மறதிநோய் தொடங்கிவிட்டது, அநேகமாக அல்சைமர்தான் என்று. 2023 டிசம்பர் 1இல் 93 வயதில் பீனிக்ஸில் காலமானார்.

சேர்க்கும் நாளிலேயே பேசிவிட வேண்டியவை

இந்த இரண்டு குடும்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், துணையை இல்லத்தில் சேர்க்கும் எவரும் முதல் நாளே நிர்வாகியிடம் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குப் படுபவை சில உண்டு. நான் வரும்போது எங்கள் இருவருக்கும் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் உண்டா? ஒரு வேளை சாப்பாட்டை அவரோடு சேர்ந்து சாப்பிடலாமா? அவர் இங்கே வேறொருவரோடு நெருக்கமானால் முதலில் யாரிடம் சொல்வீர்கள், என்னிடமா பிள்ளைகளிடமா? இதைக் கேட்க எவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். நிர்வாகிக்கு அது புதிய கேள்வியாக இருக்காது.

வீட்டுக்குள் பேச வேண்டியது இன்னும் முன்னாலேயே. ஜானுக்கு நோய் தெரிந்ததற்கும் இல்லத்துக்குப் போனதற்கும் நடுவே ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. அதில் முதல் சில வருடங்கள் நோயாளியே தெளிவாகப் பேசக்கூடிய காலம். எனக்கு யார் முடிவெடுக்க வேண்டும், மனைவியும் பிள்ளைகளும் முரண்பட்டால் யார் சொல்வது செல்லும், என்னைப் பார்க்க வருவதை யாரும் தடுக்கக் கூடாது என்பதை அவர் வாயாலேயே சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். இரண்டாம் கல்யாணம், முதல் தாரத்துப் பிள்ளைகள் என்று இருக்கிற குடும்பங்களில் இந்தக் காகிதத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.